தூசி என்று எழுதிய இடம்

வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே, கரை அரிபடாமல் இருக்கப் பெரிய கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒரு கல்லின் தலை தட்டையானது. அதில் மூன்று இடங்களில் உளியால் சின்னதாகக் கொத்திக் குழி செய்திருக்கிறேன். கமராவைத் தாங்கும் முக்காலியின் கால்கள் அந்தக் குழிகளில் போய் உட்காரும். கால்களை எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்குச் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறேன். கமராவின் மேல் ஒரு சின்ன ரசமட்டம். அதன் குமிழி நடுவில் வந்து நின்றால் தொடுவானம் நேராக இருக்கும்.

இவ்வளவும் ஒரு படத்துக்காக. ஒரு நாளைக்கு ஒன்று.

ஒக்டோபரில் காற்று அடங்கிக் கடல் தணிந்ததும் தொடங்கினேன். மே மாதம் கடல் மறுபடி குழம்பும்வரை எடுத்தேன். வேலைநாட்களில் மட்டும், காலை ஆறரை மணிக்கு, ஒரே லென்ஸில். லென்ஸுக்கு முன்னால் வெல்டிங் செய்கிறவர்களின் கண்ணாடியைப் போல் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். ஒரு படம் பதிய ஒன்றரை நிமிடம் எடுக்கும். அதற்குள் வந்துபோன அலைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெண்புகையாகிவிடும். காகம் பறந்தால் பதியாது. ஆள் நடந்தால் பதியாது. அசைகிற எதுவும் இந்த வகைப் படத்தில் நிற்காது என்று படித்திருந்தேன், செய்தும் பார்த்திருந்தேன்.

கடற்காற்று முக்காலியை ஆட்டும். அதனால் அந்த ஒன்றரை நிமிடமும் கமராவுக்குப் பக்கத்தில் அம்மாவின் மஞ்சள் குடையை விரித்துக் காற்றை மறைத்தபடி நிற்பேன்.

“மழையுமில்லை, வெய்யிலுமில்லை. கடலுக்குக் குடை பிடிக்கிறாள் உன்ரை தங்கச்சி,” என்று அம்மா கனடாவில் இருக்கும் அண்ணனிடம் தொலைபேசியில் சொல்வார். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தே சொல்வார்.

நான் இரத்மலானையில் ஒரு கட்டுமானப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். கட்டடம் கட்டுகிறவர்கள் தங்கள் கொங்கிரீட்டில் கொஞ்சம் எடுத்துக் கட்டிகளாக வார்த்து அனுப்புவார்கள். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் கிடந்த பிறகு அவற்றை இயந்திரத்தில் வைத்து நசுக்குவோம். எந்தப் பாரத்தில் உடைந்தது என்று எழுதுவோம். தேறியது, அல்லது தவறியது. தேறிய கட்டியின் அறிக்கையில் கையெழுத்து விழுந்ததும் உடைந்த துண்டுகளைக் கொட்டிவிடுவோம். தவறியதை மட்டும் இலக்கமிட்டு எடுத்துவைப்போம், யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால். வருவார்கள். “தவ எக பாரக் பலன்ன மிஸ்,” என்று இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். உடைந்ததை இன்னொரு தரம் எப்படி உடைப்பது? அதையும் சிங்களத்தில் பணிவாகச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு நாளில் நாலைந்து பேருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்கிற எதற்கும் பதில் சொல்லக் களைப்பாக இருக்கும். சாப்பிட்டாயா என்பதற்குக்கூட.

காலையில் கடலுக்குப் போவது அமைதி தேடித்தான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதைவிடச் சின்னது. என்னிடம் யாரும் எதையும் கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

போனவுடன் கமராவை எடுப்பதில்லை. பையைத் திறக்காமல் கால்மணி நேரம் இருப்பேன். முதல் ஐந்து நிமிடம் கடல் தெரியாது. அன்றைக்கு நசுக்க வேண்டிய கட்டிகள்தான் தெரியும். பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். கால்வாய் வந்து விழுகிற பக்கத்துத் தண்ணீர் வெறும் தேத்தண்ணி நிறம். அதற்கு அப்பால் சாம்பல். வெகு தூரத்தில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்களுக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு, அதுவும் சில நாள்தான். அலை ஏழாவதாக வருவது பெரிது என்பார்கள். எண்ணிப் பார்த்தேன், அப்படியொன்றும் இல்லை. காற்றின் திசை, முகிலின் உயரம், நீர் எந்தக் கல் வரைக்கும் ஏறியிருக்கிறது, கரையில் எத்தனை பிளாஸ்டிக் போத்தல் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுவேன். எழுதி முடிக்கிற நேரத்தில்தான் படம் எடுக்கலாம் போலத் தோன்றும். தோன்றாத நாளும் உண்டு. அன்றைக்கும் எடுப்பேன். எனக்குத் தோன்றுவதை நம்பி வேலை செய்து பழக்கமில்லை.

கொப்பியின் கடைசி நிரல் குறிப்புகளுக்கானது. முதல் வாரத்திலிருந்தே அதில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. “தூசி. நீக்கப்பட்டது.”

படத்தின் வலது பக்கம், தொடுவானத்தை ஒட்டி ஒரு பொட்டு. விளிம்பு தெளிவில்லாத, மங்கிய, சாம்பல் கலந்த பொட்டு. கமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் தகட்டில் தூசி விழுந்தால் அச்சொட்டாக அப்படித்தான் தெரியும். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். இதுவும் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருந்தது. தகட்டைத் துடைத்தேன். போகவில்லை. அறையின் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துச் சோதித்தேன். வலது பக்கம் மூன்று நான்கு பொட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றுதான் இது என்று முடிவெழுதினேன். எது என்று அளக்கவில்லை. அளப்பதைத் தொழிலாகச் செய்கிறவள், அதை மட்டும் அளக்கவில்லை.

படங்கள் எல்லாம் ஒரே சட்டகத்தில் இருந்ததால் வேலை இன்னும் சுலபமானது. ஒரு படத்தில் அந்தப் பொட்டை அழித்த முறையைக் கணினியில் சேமித்துவைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் புதுப் படத்தை ஏற்றியதும் கணினியே அந்த இடத்துக்குப் போய்ப் பக்கத்திலிருக்கும் வானத்தை எடுத்து மூடிவிடும். நான் பார்க்கவும் தேவையில்லை. முடித்த படத்தைச் சேமித்ததும் மூலக்கோப்பை அழித்துவிடுவேன். புகைப்படக்காரர்கள் கேட்டால் தலையில் கைவைப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான். தேறியதன் துண்டுகளை யாரும் வைத்திருப்பதில்லை. பிழைத்துப்போன படங்களுக்கு மட்டும் ‘தவறியவை’ என்று ஒரு கோப்புறை இருந்தது.

மார்ச்சில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டார்கள். நாலு பேர், ஆளுக்கொரு சுவர், பன்னிரண்டு படங்கள். இருபத்தொன்பது வயதில் எனக்கு முதல் தடவை. அம்மாவிடம் சொன்னேன்.

“எல்லாம் ஒரே படம் தானேடி?”

“இல்லையம்மா, ஒவ்வொரு நாளும் வேற கடல்.”

“அது சரி. அதுக்குள்ள ஒரு மனிசரும் இல்லையே. பார்க்கிற சனம் எதைப் பார்க்கிறது?”

மனிதர் இல்லை என்பதுதான் இந்தப் படங்களின் விசயம் என்று அம்மாவுக்கு விளக்கினேன். சுவரில் ஒட்டுவதற்கு எழுதிக்கொடுத்த குறிப்பையும் வாசித்துக் காட்டினேன். ‘இந்தக் கரையில் யாரும் இல்லை’ என்று அது தொடங்கும். அம்மா கறிக்குக் கோவா அரிந்துகொண்டிருந்தார். “வெள்ளவத்தையில யாரும் இல்லையாமோ,” என்று கோவாவிடம் சொல்லிச் சிரித்தார்.

மே மாதம் முதல் கிழமை. கடல் மாறத் தொடங்கிவிட்டது. கற்களின் மேல் அலை ஏறி என் கல்லும் நனைந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கமராவை வெளியே எடுக்காமலே திரும்பித் தண்டவாளத்தைக் கடந்தபோது ஒருவர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். காவலாளிச் சீருடை, கையில் ஒரு நீல வாளி, துணி சுற்றிய தூண்டில்.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க. ஒரு விசயம் கேக்கணும்.”

கடற்கரை வீதியில் இருக்கும் ஒரு தொடர்மாடியின் பெயரைச் சொன்னார். அங்கே அவருக்கு இரவுக் காவல். ஆறு மணிக்கு முடியும். கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுக்க முன்னால், கடலுக்குள் இருக்கும் ஒரு தட்டைப் பாறைக்கு முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்க் கொஞ்ச நேரம் தூண்டில் போடுவார்.

“சீசன் முடிஞ்சிருச்சு மிஸ். இனிமே பாறைக்குப் போக ஏலாது. எனக்கும் இந்த மாசக் கடைசியோட பேலியகொடைக்கு மாத்திட்டாங்க, ஒரு ஸ்டோர்ஸுக்கு. அதான், போறதுக்கு முந்தி ஒரு படம் தந்தீங்கன்னா.”

“என்ன படம் அண்ணை?”

அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். சிரித்தார்.

“என்னைய எடுத்தீங்களே மிஸ். எட்டு மாசமா.”

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். நான் மஞ்சள் குடையை விரித்தால் படம் பிடிக்கிறேன் என்று அர்த்தம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். குடை விரிந்ததும் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாராம், அசையாமல். குடை மடங்கும்வரை.

“மீன் கடிச்சாக்கூட இழுக்க மாட்டேன் மிஸ். ஒரு நாள் நல்ல பெரிய பாறை மீனு. கையில துடிக்குது. குடை விரிஞ்சிருக்கு. போடான்னு விட்டுட்டேன்.” இதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையாகவே இருந்தது. “வீட்டுல நம்பல. மீனும் வரல, படமும் வரல, யாரைப் பார்க்கப் போறீங்கன்னு கேக்குறா. தெரு பூராவும் சொல்லிவச்சிருக்கா, எங்க வீட்டுக்காரர கடல்ல வச்சு ஒரு மிஸ் படம் புடிக்குதாம்னு. தம்பிமாரெல்லாம் என்னைய ‘ஹீரோ’ன்னு கூப்புடுறாங்க. ஒரு படம் இருந்தாப் போதும். சின்னதா இருந்தாலும் பரவால்ல.”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஆய்வுகூடத்தில் தவறிய கட்டியின் சொந்தக்காரருக்கு முதலில் சொல்வதும் அதைத்தான்.

இரத்மலானைக்குப் போகும் ரயிலில் அன்றைக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் பாறை நீர்மட்டத்தோடு மட்டமானது. என் படங்களில் அலை அதன் மேல் புகையாகப் படிந்து பாறையே தெரியாது. பாறைக்கும் எனக்கும் நூற்றைம்பது மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தில், அந்த லென்ஸில், வாளியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எவ்வளவு உயரத்துக்குப் பதிவார் என்று கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். தகட்டில் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. காற்றில் உடம்பு கொஞ்சம் ஆடும், ஆகவே விளிம்பு மங்கும். தூண்டில் மெல்லியது, ஆடும், மறைந்துவிடும். மிஞ்சுவது ஒரு சாம்பல் பொட்டு.

அசைகிற எதுவும் நிற்காது என்பது சரிதான். அவர் அசையவில்லை. கல்லில் குழி கொத்தி நான் ஒரே இடத்தில் நின்றேன். அங்கே அவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தார். நான் அவ்வளவு ஒழுங்காக இல்லாமல் ஒரு நாள் கமராவைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தால்கூடப் பொட்டு இடம் மாறியிருக்கும், எனக்கும் விளங்கியிருக்கும்.

பாறையில் ஆட்கள் மீன் பிடிப்பதை நான் காணாமல் இல்லை. அவர் வாளியோடு தண்ணீரில் இறங்கிப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கால்மணி நேரம் பார்த்துப் பார்த்து எழுதிய குறிப்புகளில் அவர் எங்கேயும் இல்லை. போத்தல்களைக்கூட எண்ணியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்தேன். நூற்று நாற்பத்தொரு முடித்த படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து அந்த இடத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. நான் செய்த வேலை நல்ல வேலை. ஒட்டுப் போட்ட அடையாளம் ஒன்றிலும் இல்லை. பன்னிரண்டு ஏற்கெனவே அச்சாகி, சட்டம் போடக் கொடுத்தாயிற்று.

பிறகுதான் தவறியவை ஞாபகம் வந்தது. அதில் ஒன்பது இருந்தன. ஆறில் லென்ஸில் மழைத்துளி. இரண்டு, பின்னால் ரயில் போனதால் முழுக்க நடுங்கியவை. இந்த எட்டிலும் ஏற்றும்போதே கணினி அந்த இடத்தை மூடிவிட்டிருந்தது. ஒன்று டிசம்பரில் எடுத்தது. அன்றைக்கு முக்காலியின் ஒரு காலில் இறுக்கும் பூட்டு தளர்ந்து கால் மெல்ல இறங்கியிருக்கிறது. கமரா சரிந்து, கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியும் நின்றுவிட்டது. நான் கவனிக்காமல் எடுத்திருக்கிறேன். தொடுவானம் மூன்று பாகை சரிவு. கடல் முழுவதும் ஒரு பக்கமாக வடிந்து போகிற மாதிரி இருந்தது. வலது விளிம்பில், நான் தூசி என்று எழுதிய இடத்தில் இல்லாமல், விரலளவு தள்ளி, அந்தப் பொட்டு.

பெருப்பித்தேன். பெரிதாகப் பெரிதாகக் கட்டங்களாக உடைந்தது. நடுவில் ஓரளவில் நிறுத்தினால், குந்தியிருக்கும் ஓர் ஆள். கீழே நீலமாக ஏதோ.

படத்தை நிமிர்த்திப் பார்த்தேன். சரிந்த படத்தை நிமிர்த்தினால் நாலு மூலையும் வெட்டுப்படும். வலது விளிம்போடு அவரும் வெட்டுப்பட்டுப் போனார். பழையபடியே ஆக்கி, வேறு விதமாக முயன்றேன். கடல் நேராக இருந்தால் அவர் இல்லை. அவர் இருந்தால் கடல் சரிவு. அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அரை மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

“என்னடி, படுக்கேல்லையே?” என்று அம்மா வந்து எட்டிப் பார்த்தார். “இதென்ன, கடல் சரிஞ்சு கிடக்கு?”

“ஓமம்மா. இதில ஒரு ஆள் இருக்கிறார்.”

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “எங்கை? ஓ, உதோ. உது ஆளோ? பாவம், தனிய இருக்குது.”

அடுத்த நாள் ஆறு மணிக்கு அவருடைய தொடர்மாடி வாசலுக்குப் போனேன். பொய் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். படங்கள் பழுதாகிவிட்டன, கணினி கெட்டுப்போய்விட்டது, இப்படி இரண்டு மூன்று ஆயத்தமாக இருந்தன. அவர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். ஆயத்தம் செய்தது ஒன்றும் வரவில்லை.

“அண்ணை, நான் உங்களை எடுக்கேல்லை. கடலைத்தான் எடுத்தனான். நீங்கள் படத்தில ஒரு பொட்டு மாதிரித் தெரிஞ்சிருக்கிறீங்கள். கமராவில தூசி எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டன்.”

அவர் ஈரக் கையை மறுபடி துடைத்தார்.

“எல்லாத்துலயுமா?”

“ஓம்.”

“எல்லா நாளுமா மிஸ்?”

“ஓம் அண்ணை.”

மேல்மாடியிலிருந்து யாரோ கார் எடுக்க வந்தார்கள். அவர் போய்ப் படலையைத் திறந்து, சலூட் வைத்து, மூடிவிட்டு வந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் வாளியைத்தான் பார்த்தார். “அப்ப நான் சும்மாதான் ஒக்காந்திருக்கேன்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பழக்கமானது.

“ஒண்டு மிஞ்சியிருக்கு,” என்றேன். “பிழைச்சுப்போன படம். கடல் சரிஞ்சிருக்கு. ஆனா நீங்கள் இருக்கிறீங்கள்.”

கைத்தொலைபேசியில் காட்டினேன். அவர் அதை வாங்கி, வெளிச்சம் படாமல் தொப்பியால் மறைத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு, “வாளி தெரியுது,” என்றார். அதையே இன்னொரு தரமும் சொன்னார். தொலைபேசியைத் திருப்பித் தரும்போது குரலைத் தாழ்த்தினார். “மிஸ், அழிச்ச கதைய வீட்டுல சொல்லவேணாம். அவ விடமாட்டா. சாகுற வரைக்கும் என்னைய தூசின்னுதான் கூப்புடுவா.”

கண்காட்சிக்காரருக்கு அன்றைக்கே அழைத்து, பன்னிரண்டாவது படத்தை மாற்றுகிறேன் என்றேன். புதுப் படத்தை அனுப்பியதும் அவர் திருப்பி அழைத்தார்.

“இது சரிஞ்சிருக்கே. பிழையா அனுப்பிட்டீங்களோ?”

“இல்லை. அப்பிடித்தான்.”

“மற்ற பதினொண்டும் அவ்வளவு நேரா இருக்கு. ஒரு பக்கத்தில இது தொங்கிக்கொண்டு நிக்கும்.”

“ஓம்.”

“ஒரு சின்ன திருத்தம் செய்தா...”

“செய்தா ஆள் போயிடுவார்,” என்றேன். அவர் எந்த ஆள் என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை, களைப்பாக இருந்தது. சுவரில் ஒட்டும் குறிப்பின் முதல் வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். அதற்குப் பதிலாக வேறு வரி எழுதித் தரவில்லை. கண்காட்சி ஐந்து நாள் நடந்தது. வந்தவர்கள் பதினொன்றையும் பார்த்து, பன்னிரண்டாவதன் முன்னால் தலையைச் சரித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் சிரித்தார்கள். பொட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இரவுக் காவல், பகல் தூக்கம், அவர் வரவில்லை. வரமாட்டார் என்று தெரியும்.

முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைச் சட்டத்தோடு செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவர் சொன்ன முகவரிக்கு, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தேவாலயத்துக்குப் பின்னால், ஓட்டோ திரும்ப முடியாத ஒழுங்கை. இரண்டறை வீடு. அவர் வெள்ளைச் சட்டை போட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். அவருடைய மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அட, மிஸ் நெசமாவே இருக்காங்க,” என்றார். “வாங்க மிஸ். நான் என்னமோ கடல்கன்னின்னு நெனச்சிட்டிருந்தேன்.”

தாளைப் பிரித்தேன். மனைவி படத்தைக் கட்டிலில் சாய்த்துவைத்து முன்னால் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கதவடியில் வந்து நின்றார்கள். கணவர் மூலையில் நின்றார். எட்டு மாதம் அசையாமல் இருந்த பழக்கம் அப்போதும் அவரிடம் இருந்தது.

“கடல் இருக்கு. இவரு எங்க?”

விரலால் காட்டினேன். மனைவி குனிந்தார். கண்ணாடியில் அவருடைய மூச்சு பட்டது.

“இது பொட்டுல்ல மிஸ்?”

“அவர்தான் அக்கா.”

“சும்மா சொல்லாதீங்க. இவருதான் சொல்லிக் குடுத்தாரா?”

“இல்லை. எட்டு மாசமும் அந்தப் பாறையில இருந்தவர். நான் எடுத்த எல்லா நாளும் இருந்தவர்.” கணவரைப் பார்க்காமலே சொன்னேன். “மீன் கடிச்சாலும் அசையேல்லை. அதாலதான் படத்தில நிக்கிறார். அசைஞ்சிருந்தா இவ்வளவும் தெரிஞ்சிராது.”

இதில் எதுவும் பொய் இல்லை.

மனைவி இன்னும் குனிந்து பார்த்தார். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டார். “ஆமா, இந்தா அந்த நீல வாளி. என்னோட வாளிய எடுத்துட்டுப் போயி கவுத்து ஒக்காந்திருக்கீங்களா? அதான் அடியில வெடிச்சிருக்கு!” கதவடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். “பாருங்கடி, நெசமாத்தான் இருக்காரு. கல்யாணப் படத்துக்குக்கூட இந்த மனுசன் ஒழுங்கா நிக்கல.” திரும்பிக் கணவரைப் பார்த்தார். குரல் மாறியிருந்தது. “அந்தப் பெரிய மீனு, அதுவும் நெசந்தானா?”

“நெசந்தான்,” என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

தேத்தண்ணீர் வந்தது. கணவர் சுத்தியலும் ஆணிகளும் எடுத்து வந்தார். சட்டத்தின் பின்னால் இரண்டு வளையங்கள் இருந்ததால் இரண்டு ஆணி வேண்டும். நான் கற்றுக்கொண்டபடி இரண்டுக்கும் ஒரே உயரம் அளந்து பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். அடித்தார். மாட்டினோம். சட்டம் நேராக நின்றது. கடல் ஒரு பக்கமாக வடிந்தது.

மனைவி தேத்தண்ணீர்க் கோப்பையோடு பின்னால் போய் நின்று பார்த்தார்.

“இல்ல இல்ல. இவரு சாஞ்சு விழப்போற மாதிரி இருக்காரு. அந்தப் பக்கத்து ஆணிய இன்னும் கீழ அடிங்க.”

“அப்பச் சட்டம் கோணலாயிடும்டி.”

“சட்டம் என்னத்துக்கு? ஆளு நேரா இருக்கணும்.”

கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஓர் ஆணியைப் பிடுங்கி ஓர் அங்குலம் கீழே அடித்தார். போதாது என்றார் மனைவி. இன்னும் அரை அங்குலம். சுண்ணாம்பு உதிர்ந்து கட்டில் விரிப்பில் விழுந்தது. மறுபடி மாட்டியபோது தொடுவானம் சுவரின் விளிம்போடு ஒத்து நின்றது. வலது மூலையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டம் மட்டும், வீட்டில் வேறு எதனுடனும் பொருந்தாமல், ஒரு பக்கம் தாழ்ந்து தொங்கியது.

“மிஸ், நீங்க பாத்துச் சொல்லுங்க,” என்றார் மனைவி. “நேரா இருக்கா?”

கைப்பையில் ரசமட்டம் இருந்தது. கை அதுவாகவே அங்கே போனதும் எனக்குத் தெரிந்தது. கையை வெளியே எடுத்துத் தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டேன்.

“ஓம் அக்கா,” என்றேன். “நேரா இருக்கு.”